திருப்பாத சேதி

அறப்பளீஸ்வரர் துணை

அரியூர் நாடு,
20-2-1939

அன்புள்ள மாப்பிள்ளை செங்கோடனுக்கு மாதேஸ்வரன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காள் பாப்பாயியும் குழந்தை கண்ணாயியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். சேலத்தில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் அக்காள் கேட்கச் சொல்கிறாள். சாப்பிடாவிட்டாலும் சாப்பிடுகிறேன் என்றே எழுது. இல்லாவிட்டால் ராகி மாவை மூட்டை கட்டி என் தலையில் ஏற்றி அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறக்கிவிடுவாள்.

உங்கள் சினிமாக் கம்பெனி மலையை விட்டு இறங்கிய பிறகு ஊரே வெறிச்சென்று இருக்கிறது. நீங்கள் போட்டுவிட்டுப் போன பிஸ்கோத்து டின்களுக்காக இரண்டு வீட்டுப் பெண்கள் சண்டை போட்டு, இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. வெள்ளித்தாள் ஒட்டிய பலகையை நீ வெயிலில் பிடித்துக்கொண்டு நின்ற அழகைக் கண்ணாயி தட்டை வைத்துக்கொண்டு நடித்துக் காட்டுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குப் படம் பிடிக்க உன் அக்காளை மற்றப் பெண்களோடு உட்காரவைத்துச் சாமை புடைக்கச் சொல்லியிருந்தார்கள். நான் வயலில் இருந்தேன். நீ ஓடிவந்து, “அக்கா, கண்ணாயி அருவீல உளுந்துட்டாளாம்” என்றாயாம். அவள் போட்ட சத்தம் எனக்கு வயல்வரை கேட்டது. நான் வந்து சேர்வதற்குள் அவள் மண்ணில் புரண்டு, பிள்ளையைச் செத்தவளாகவே வைத்து, செல்லப் பேரெல்லாம் சொல்லி அழுது முடித்துவிட்டாள். அப்புறம் பார்த்தால் கம்பெனிக் கூடாரத்துக்குப் பின்னாலிருந்து கண்ணாயி இரண்டு கையிலும் மிட்டாயோடு வருகிறாள். மூங்கில் தூக்கிப் போன எவனோ வழியில் சொன்னான் என்று நீ சொன்னாய். அப்படிக் கேட்டால் யாராக இருந்தாலும் ஓடிவந்து சொல்லத்தான் செய்வார்கள். உன்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது. நீ சின்ன வயதிலேயே கீழே படிக்கப் போனவன், மறந்திருப்பாய். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி வைத்துவிட்டால் அந்தச் சேதியைத் திருப்ப வேண்டும். சேதி கொண்டுவந்தவன் தண்ணீர்க் குடத்தோடு எல்லைக்கல்லில் நின்று, யார் சொல்லிக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். அவன், தனக்குச் சொன்னவனைச் சொல்ல வேண்டும். கடைசியில் சேதி யார் வாயில் பிறந்ததோ அவன் தண்ணீரைக் கொட்டி, “என் வாயில் பிறந்தது, என்னோடு போகட்டும்” என்று சொல்ல வேண்டும். தவறாகக் கேட்டு வந்த சேதி என்றால் கோழி அடித்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். வேண்டுமென்று சொன்னதாக இருந்தால்தான் கஷ்டம், அவனை மலையேற விடமாட்டார்கள். சேதி திரும்பும்வரை பிள்ளையை ஊர் எண்ணாது. காது குத்த முடியாது, பந்தியில் இலை போடமாட்டார்கள்.

சித்திரையில் கண்ணாயிக்குக் காது குத்தலாம் என்றிருக்கிறோம். தாய்மாமன் மடி உன் மடிதான். நாலு நாள் முன்னதாகவே வந்து சேதியையும் திருப்பிவிடு.

இப்படிக்கு,
உன் அன்பு மச்சான்
மாதேஸ்வரன்


சேலம்,
18-3-1939

மகாராஜராஜஸ்ரீ மச்சான் அவர்கள் சமூகத்துக்கு, செங்கோடன் நமஸ்காரம் செய்து எழுதியது. நான் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்துக்கும் அக்கா சௌக்கியத்துக்கும் குழந்தை சௌக்கியத்துக்கும் தெரிவிக்க வேண்டியது. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லவும். உண்மையாகவே சாப்பிடுகிறேன்.

கடிதம் கிடைத்துச் சில நாள் ஆயிற்று. உடனே பதில் எழுத முடியாதபடி வேலை. பகலெல்லாம் ஸ்டூடியோவில் மந்திரவாதியின் குகை போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறோம். கம்பெனியில் எனக்குப் பலகை பிடிக்கும் வேலை போய், இப்போது டைரக்டர் பக்கத்திலேயே நிற்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஏன் கொடுத்தார்கள் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கண்ணாயிக்கு ரிப்பனும் ரப்பர் பந்தும், அக்காவுக்கு ஒரு சேலையும் காரவள்ளி கடையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். சேலையின் நிறம் பிடித்திருக்கிறதா என்று எழுதச் சொல்லவும்.

சித்திரைக்குள் வருவது கடினம். மூங்கில்காரன் முகம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அக்கா அழுததை நினைத்துக்கொண்டே இருக்கிறாளா? மறந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள
செங்கோடன்


அறப்பளீஸ்வரர் துணை

அரியூர் நாடு,
6-4-1939

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாதேஸ்வரன் எழுதுவது. மூவரும் நன்றாக இருக்கிறோம். எனக்கு மட்டும் முழங்காலில் ஒரு பிடிப்பு. அது மலை கொடுத்த சீதனம், போகாது. சேலை வந்தது. உன் அக்காள் கட்டாமல் மடித்து வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள்.

மூங்கில்காரனைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அன்றைக்கு அந்த வழியில் மூங்கில் இறக்கியவன் மாதன் ஒருவன்தான் என்று ஊர்க் கவுண்டர் விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டார். மாதனை உனக்குத் தெரியும், உன் அக்காளுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. சாது. கூப்பிட்டுக் கேட்டதற்கு, “நான் செங்கோடனப் பாக்கவே இல்லீங்க. பாத்திருந்தா அவங்கிட்ட ஒரு பீடி கேட்டிருப்பனுங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் நம்பவில்லை. சொல்லிவிட்டு மறைக்கிறான் என்கிறார்கள். அவன் வயலில் அறுப்புக்கு ஒருவரும் போகவில்லை. அவனும் அவன் மனைவியும் தனியாக அறுக்கிறார்கள்.

நீ வந்து, “இவன்தான்” அல்லது “இவன் இல்லை” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காது குத்தை ஆடிக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். இதற்குமேல் தள்ளினால் கண்ணாயியின் காது உன் காது மாதிரி தடித்துவிடும், ஊசி இறங்காது.

இப்படிக்கு,
மச்சான்


சேலம்,
28-5-1939

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, செங்கோடன் வணக்கம். எனக்கு உடம்பு பரவாயில்லை. தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கம்பெனி டாக்டரிடம் கேட்டுத் தைலம் வாங்கி அனுப்புகிறேன்.

படம் வெளியாகிவிட்டது. பெயர் ‘சிரித்த பாவை’. காட்டுக் கோயிலில் இருக்கிற கல்பாவையை ஒரு மந்திரவாதி உயிர்ப்பிக்கிறான். அது சிரித்தால் எந்த வீட்டிலோ ஒரு பிள்ளை சாகும். கதை அவ்வளவுதான். சேலத்தில் ஜனங்கள் கொட்டகையை இடிக்காத குறை. ஒரு மிராசுதார் மயக்கம் போட்டு விழுந்தார். கர்ப்பிணிகள் பார்க்கக்கூடாது என்று நோட்டீஸ் அடித்தார்கள், அதிலிருந்து கர்ப்பிணிகளே முதலில் வருகிறார்கள். பார்த்தவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

பாவையைப் பார்த்து யாரும் பயப்படவில்லை மச்சான். அது அட்டையும் சுண்ணாம்பும். அது முதல் பிள்ளையைக் கொண்டுபோகும்போது ஒரு மலைக்காரத் தாய் அழுகிறாள். அந்த இடத்தில்தான் கொட்டகை முழுக்க மூச்சு நிற்கிறது. அதற்காகத்தான் வருகிறார்கள். அது அக்கா அழுதது. அன்றைக்கு மிஷின் ஓடிக்கொண்டிருந்ததில் தானாகப் பதிந்துவிட்டது போலிருக்கிறது. நல்லதாயிற்று என்று டைரக்டர் வைத்துக்கொண்டார்.

படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போகும் கம்பெனி ஆளாக என்னை நியமித்திருக்கிறார்கள். ஆடிக்கும் வர முடியாது போலிருக்கிறது. மாதன் விஷயம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

தங்கள்,
செங்கோடன்


அறப்பளீஸ்வரர் துணை

அரியூர் நாடு,
25-6-1939

மாப்பிள்ளை செங்கோடனுக்கு மாதேஸ்வரன். எல்லோரும் இருக்கிறோம். தைலம் வந்தது.

உன் கடிதத்தை உன் அக்காளுக்கு முழுதாக வாசிக்கவில்லை. படம் நன்றாக ஓடுகிறதாம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் சேலத்தில் படம் பார்த்த உப்பு வியாபாரி செம்மேட்டுச் சந்தையில் அவளைப் பார்த்ததும் சாக்கை அப்படியே போட்டுவிட்டு, “அந்தப் பொம்பளையா!” என்று நாலு அடி தள்ளிப் போனான். சந்தையே கூடிவிட்டது. அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாள். “ஏனுங்க, அது ஒருக்கா ஓடுமுங்களா, தெனமும் ஓடுமுங்களா?” நான் தினமும் என்றேன். “அப்பத் தெனமும் நான் எம்புள்ளைக்கு ஒப்பாரி வெக்கறனுங்களா?” என்றாள். நீ படித்தவன், இதற்குப் பதில் தெரிந்தால் எழுது.

ஊரில் இப்போது இதே பேச்சு. ஒரு தடவை வைத்த ஒப்பாரியையே இன்னும் திருப்பவில்லை, ஊர் ஊராக வைக்கிற ஒப்பாரியை யார் திருப்புவது என்கிறார்கள். தங்கள் பிள்ளைகளைக் கண்ணாயியோடு விளையாட விடுவதில்லை. நேற்று அவள் அடுப்படியில் உட்கார்ந்து, “ஏம்மா, நான் எப்பச் செத்தேன்?” என்று கேட்டாள். அழுதுகொண்டு கேட்டாலும் பரவாயில்லை, சும்மா கேட்டாள். உன் அக்காள் கரண்டியைப் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கம்பெனி ஆள் நீதானே? அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடச் சொல். மிச்சப் படத்தை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஓட்டட்டும். இதை நான் கேட்கவில்லை, உன் அக்காள் கேட்கிறாள்.

மாதேஸ்வரன்


சேலம்,
8-7-1939

மச்சான் அவர்களுக்கு வணக்கம். சுகம், சுகத்துக்குத் தெரிவிக்கவும்.

கேட்டுக்கொண்டபடி அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். இனிமேல் எந்த ஊரிலும் அது வராது. அக்காவை நிம்மதியாக இருக்கச் சொல்லவும். கண்ணாயிக்கு ஒரு கரடிப் பொம்மை அனுப்பியிருக்கிறேன், சாவி கொடுத்தால் நடக்கும்.

செங்கோடன்


முகாம்: ஆத்தூர்,
14-9-1939

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, செங்கோடன் பல நமஸ்காரங்களுடன் எழுதுவது. போன கடிதத்துக்குப் பதில் இல்லை. முழங்கால் அதிகமாகிவிட்டதா? அக்கா சுகந்தானே? கரடிப் பொம்மை வந்து சேர்ந்ததா என்றாவது தெரிந்தால் தேவலை. இங்கே யுத்தம் வந்துவிட்டதென்று மண்ணெண்ணெயைப் பதுக்குகிறார்கள். ஆனாலும் கூட்டம் குறையவில்லை.

இந்த ஊரில் ஒரு அம்மாள் தினமும் முதல் ஆட்டத்துக்கு வந்து தரையில் உட்காருகிறாள். பாதிப் படத்திலேயே எழுந்து போய்விடுவாள். ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். “எனக்கு ஒரு பையன் இருந்தான் தம்பி. செத்த அன்னிக்கு மாமியார் ஊட்டுல விசேஷம். அழுவாதேன்னுட்டாங்க. அப்ப அழுவாதது இங்க வந்தாத்தான் வருது” என்றாள். பயப்படத்தான் ஜனங்கள் வருகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை போலிருக்கிறது. அழுவதற்கு ஒரு இடம் கிடைக்காதவர்கள் வருகிறார்கள். வேறு எந்தப் படத்திலும் அழுகை நிஜமாக இல்லை. இதனால் யாருக்கோ கொஞ்சம் நல்லதும் நடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மேலே எழுதியதை இப்போது வாசித்துப் பார்த்தேன். வெட்டுவதற்கு முந்திய நாட்களில் நடந்ததைச் சொல்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து நம் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்குப் படம் போகிறது. நான் போகவில்லை, காய்ச்சல் என்று லீவு சொல்லியிருக்கிறேன். நீங்களும் சிரமப்பட்டு இறங்கி வர வேண்டாம். பார்க்கும்படி அதில் ஒன்றுமில்லை.

தங்கள்,
செங்கோடன்


அரியூர் நாடு,
22-10-1939

செங்கோடனுக்கு,

சேந்தமங்கலத்துக்குப் போய்ப் படம் பார்த்தோம்.

நான் வேண்டாம் என்றேன். உன் அக்காள், “வெட்டியாச்சுன்னு தம்பி சொல்லிட்டான், ஒருக்காப் பாத்துட்டா ஊர்க்காரங்க வாய அடைச்சுரலாமுங்க” என்றாள். உன்னை நம்பித்தான் இறங்கினாள். கண்ணாயியை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, விடியும்போதே கிளம்பி, காரவள்ளியில் வண்டி பிடித்துப் போனோம். நீ அனுப்பிய சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

வெட்டவில்லை. படத்தில் அவள் சாமை புடைத்துக்கொண்டிருக்கிறாள். அப்புறம் தலையைத் தூக்கி நேராக நம்மைப் பார்க்கிறாள். அப்புறம் அழுகிறாள். கொட்டகையில் ஒரு பெண் பாக்கியில்லாமல் அழுதார்கள். நானும் அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது? உன் அக்காள் மட்டும் அழவில்லை. அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

ராத்திரி சத்திரத்தில் தங்கிவிட்டு மறுநாள் மலை ஏறினோம். பாதி வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஏனுங்க, அந்த வெள்ளித்தாள் பலகை வெளிச்சம் எம்மூஞ்சில மொதல்லயே வந்துருச்சுங்க. நான் கண்ணைக் கூசிக்கிட்டுத்தானுங்க நிமுந்து பாக்கறேன். அப்புறந்தான் தம்பி வாயத் தொறந்தான். ஓடிவந்து சொல்றவன் வர்றதுக்கு முன்னாலயே அவிங்க எதுக்குங்க எம்மேல வெளிச்சம் அடிச்சாங்க? நாங்க அத்தன பேரு பொடச்சுக்கிட்டு இருக்கறோம், எதுக்குங்க என்னைய மட்டும்?”

எழுந்து நடக்கத் தொடங்கியதும், “மிட்டாயும் அவிங்கதான் குடுத்திருக்கறாங்க. கூடாரத்துக்குப் பின்னால ஒக்காத்தி வெச்சிருக்கறாங்க” என்றாள்.

மூங்கில்காரன் எவனும் இல்லை, அப்படித்தானே? மாதன் தனியாக அறுத்தான். உன் மருமகள் தான் செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ பொம்மை அனுப்புகிறாய். மூன்று நாளாக ஊர்க் கவுண்டர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறேன். சொன்னால் உன்னை இனி மலையேற விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் என் பிள்ளைக்கு வழியில்லை. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

மாதேஸ்வரன்


முகாம்: ராசிபுரம்,
29-10-1939

மச்சான் அவர்களுக்கு,

சுகம் கேட்க எனக்கு முகமில்லை.

நீங்கள் கவுண்டரிடம் சொல்ல வேண்டாம். வருகிற புதன்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை நான் மலைக்கு வருகிறேன். என் கையாலேயே குடம் தூக்கி, எல்லைக்கல்லில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அடித்தாலும் சரி, திரும்ப விடாவிட்டாலும் சரி.

நடிகை அழுதது ஒட்டவில்லை என்று டைரக்டர் இரண்டு நாள் கோபமாக இருந்தார். “அந்த அம்மாள் உன் அக்காளாமே, நீ சொன்னால் நம்புவாள் அல்லவா?” என்றார். ஒரு நிமிஷம் அழுவாள், உடனே குழந்தையைக் காட்டிவிடலாம், எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஊர் வழக்கம் எனக்கு மறந்திருக்கவில்லை மச்சான். அன்றைக்கு அதை நினைத்துப் பார்க்காமல் இருந்துகொண்டேன். வெட்டிவிட்டார்கள் என்று எழுதியதும் பொய். நான் கேட்கவே இல்லை. கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்தேன்.

இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டிவிடவும்.

செங்கோடன்


அறப்பளீஸ்வரர் துணை

அரியூர் நாடு,
16-11-1939

செங்கோடனுக்கு மாதேஸ்வரன் எழுதியது.

புதன்கிழமை வராதே என்று காரவள்ளியில் ஆள் வைத்துச் சொல்லச் சொல்லியிருந்தேன். சொன்னார்கள் என்றும் நீ திரும்பிப் போய்விட்டாய் என்றும் தெரிந்தது. ஏன் என்று சொல்ல வேண்டியது என் கடமை.

உன் கடிதத்தை வாசித்தேன். உன் அக்காள் ராகி அரைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் கையைக் கழுவிவிட்டு நேராக ஊர்க் கவுண்டர் வீட்டுக்குப் போனாள். என்னவென்று என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் எல்லைக்கல்லில் ஊர் கூடிற்று. குடத்தைத் தூக்கிக்கொண்டு அவளே வந்து நின்றாள்.

“சேதி ஆரு கொண்டாந்தது?” என்று கவுண்டர் கேட்டார்.

“ஆரும் கொண்டாரலீங்க. மாதனும் ஒண்ணுஞ் சொல்லலீங்க, எம்பட தம்பியும் ஒண்ணுஞ் சொல்லலீங்க. சினிமாக்காரங்க அழுவச் சொன்னாங்க. எனக்கு அழுவ வரலீங்க. எம்புள்ள செத்தாப்புல நெனச்சுக்கிட்டு அழுதனுங்க. அப்புறம் பயந்துக்கிட்டுத் தம்பி மேல சாட்டிட்டேன். அவன் என்னையக் காட்டிக் குடுக்காம மூங்கில்காரன்னு சொல்லிட்டானுங்க.”

கூட்டத்திலிருந்து ஒரு கிழவி, “கூலிக்கா பெத்த புள்ளையச் சாவடிச்சே?” என்றாள்.

“ஆமாங்க” என்றாள் உன் அக்காள். குடத்தைக் கவிழ்த்து, “எவ்வாயில பொறந்தது, என்னோட போவட்டும்” என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் இன்னும் தடம் இருக்கிறது. பெண்ணாகப் பிறந்தவளை மலையை விட்டு எங்கே அனுப்புவது என்று, வேறு தண்டனை சொன்னார்கள். ஒரு வருஷத்துக்கு அவள் விதை தொடக்கூடாது, கோயிலுக்குள் வரக்கூடாது, பந்தியில் உட்காரக்கூடாது.

மாதனிடம் ஊரே மன்னிப்புக் கேட்டது. போன வெள்ளிக்கிழமை கண்ணாயிக்கு அவன் மடியில் வைத்துத்தான் காது குத்தினோம். கோயிலுக்குள் குத்தினார்கள், பெற்றவள் சுவருக்கு வெளியே நின்றாள். ஊசி இறங்கியதும் குழந்தை அலறியது. வெளியிலிருந்து, “கண்ணு, அம்மா இங்கதான் சாமி இருக்கறேன்” என்று அவள் குரல் கேட்டது. அதற்கப்புறம்தான் குழந்தை அடங்கிற்று. இப்போது மற்றப் பிள்ளைகளோடு விளையாடுகிறது.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “அவன் சொன்னா மலையேற உடமாட்டாங்க. எனக்கு வேற பொறந்தவன் ஆருங்க இருக்கறான்?” என்றாள்.

உன்னிடம் சொல்லச் சொன்னது இது. தைப் பொங்கல் நோம்பிக்கு நீ வர வேண்டும். வந்து ஊராரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஆனால் யாரிடமும் வாயைத் திறக்கக்கூடாது. நீ உண்மையைச் சொன்னால் அவள் எல்லைக்கல்லில் பொய் சொன்னவள் ஆகிவிடுவாள். சேதி திரும்பவில்லை என்றாகிவிடும், மறுபடியும் பிள்ளைமேல் வந்து நிற்கும். அதனால் நீ எந்தக் காலத்திலும் சொல்லக்கூடாது.

உன்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் அவள் சொல்லுக்கு நான் கட்டுப்பட்டவன், நீயும்தான்.

மாதேஸ்வரன்


முகாம்: தர்மபுரி,
11-2-1940

அன்புள்ள அக்காவுக்கு, உன் தம்பி செங்கோடன் எழுதுவது. இதை மச்சான் உனக்கு வாசித்துக் காட்டுவார். ஊரிலிருந்து சுகமாக வந்து சேர்ந்தேன். உனக்கு இருமல் இருந்ததே, சுக்குக் கஷாயம் போட்டுக் குடிக்கிறாயா?

நோம்பிக்கு வந்தேன், நீ சொன்னபடியே இருந்தேன். கவுண்டர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, “அக்காளைக் காட்டிக் குடுக்காத புள்ள” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்கு இரண்டு தடவை பாயசம் ஊற்றினார்கள். நீ பந்திக்கு அப்பால் பலாமரத்தடியில் தனியாக இலை போட்டு உட்கார்ந்திருந்தாய். நான் கையை எடுத்தபோதெல்லாம் ‘சாப்பிடு’ என்று சைகை காட்டினாய். எல்லாவற்றையும் சாப்பிட்டேன் அக்கா. மாதன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்னையப் பத்தி நான் தப்பா நெனச்சுட்டனப்பா” என்றான். அதற்கும் சரியென்று தலையாட்டினேன். கண்ணாயி என் மடியில் ஏறிக் காதைக் காட்டினாள்.

நீ என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டுவாய் என்று இறங்கும்வரை உன் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். நீ வழிக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொடுத்தாய்.

இங்கே படம் மூன்றாவது வாரம். கூட்டம் குறையவில்லை. நாமெல்லாம் போன பிறகும் இந்தப் படம் ஓடும் என்று மானேஜர் சொல்கிறார். அந்த வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். நான் விட்டாலும் பெட்டி இன்னொருவன் கையில் ஊர் ஊராகப் போகத்தான் போகிறது. கூடவே இருந்துவிடுவது என்று இருக்கிறேன்.

முன்பெல்லாம் அந்த இடம் வரும்போது கொட்டகையை விட்டு வெளியே போய்விடுவேன். இப்போது போவதில்லை. உள்ளே நின்று பார்க்கிறேன். நீ சாமை புடைத்துக்கொண்டிருக்கிறாய். முகத்தில் வெளிச்சம் விழுகிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறாய், தம்பி என்னவோ சொல்ல வந்திருக்கிறான் என்று லேசாகச் சிரிக்கக்கூடச் செய்கிறாய். நான் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில், சொல்லாமல் இருந்துவிடலாம், ஒன்றுமில்லை அக்கா என்று திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றுகிறது. அதற்குள் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். மச்சானுக்கு என் வணக்கம். குழந்தைக்கு முத்தம்.

உன் தம்பி,
செங்கோடன்